தொந்தரவே இல்லை என்பாள் தெல்மா

தெல்மாவைப் போல் நல்லவள் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கிலேயே கிடையாது என்பார்கள். வருஷக்கணக்காக அவளோடு வேலை செய்து, வாடகைக்கு வருகிறவர்களுக்குப் படுக்கை விரித்தவள் நான். சொல்கிறேன், நல்லவளாக இருப்பது ஒரு வியாதி.

தெல்மா வீட்டை ஒட்டி, அவள் மாமனார் காலத்தில் மாடு கட்டிய கல் கொட்டகை ஒன்று இருந்தது. மாடுகள் போனபின் அடுப்பும் குளியலறையும் வைத்து, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். சமையலை வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் தெல்மா தலையில். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய கூட்டம் கிளம்பும், நாலு மணிக்குப் புதியது வரும். அதற்குள் கழுவித் துடைத்து, விரிப்பு மாற்றி, மேஜையில் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி சுட்டு வைக்கவேண்டும். குனிந்து நிமிர்ந்தே எங்கள் இருவருக்கும் முழங்கால் போய்விட்டது. போனவர்கள் விட்டுப்போகும் பாதி ஜாம், பாதி வெண்ணெயில்தான் அவள் வீட்டுக் காலைச் சாப்பாடு நடக்கும். காசு கொடுத்து அவள் கெச்சப் வாங்கி நான் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை அவளுடைய ஒரே மகன் ரோரி நியூசிலாந்துக்குக் கிளம்பினான். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் வேலை, அங்கேயே தங்கிவிடப்போகிறான். டார்லிங்டனில் இருக்கும் அத்தையிடம் சொல்லிக்கொள்வதற்காக அப்பாவோடு முன்னாலேயே போய்விட்டான். விருந்தாளிகளை அனுப்பிவிட்டு அவனை ரயிலேற்றிவிட நேரே டார்லிங்டன் ரயிலடிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள் தெல்மா.

பத்து மணி தாண்டியும் லண்டன்காரக் குடும்பம் சாப்பாட்டு மேஜையை விட்டு எழவில்லை. அந்த அம்மாள் கதவைத் திறந்து, "கொஞ்சம் லேட்டாயிடுச்சு, உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?" என்றாள்.

"ஐயோ, தொந்தரவே இல்ல. மெதுவா கிளம்புங்க" என்றாள் தெல்மா.

எங்கள் ஊர்க்காரர்கள் என்றால் அதன் அர்த்தம் புரிந்து அந்த நிமிஷமே பெட்டியைத் தூக்கியிருப்பார்கள். இவர்கள் இன்னொரு தரம் தேநீர் போட்டார்கள்.

தெல்மா முற்றத்தில் துடைப்பத்தோடு நின்றாள். "போய்ச் சொல்லேன்டி!" என்றேன்.

"விருந்தாளிங்ககிட்ட அதை எப்படிச் சொல்றது, பெவ்?"

"வாயாலதான்!"

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போனேன். "இவ பிள்ளை இன்னிக்கு நாட்டை விட்டே போறான். நீங்க ரொட்டி கடிச்சு முடிக்கிறதுக்குள்ள ரயில் போயிடும்!"

"கடவுளே, அவங்க சொல்லவே இல்லையே!" என்று அந்த அம்மாள் பதறி எழுந்தாள். தெல்மா என்னை எரிப்பதுபோல் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்; நானும் ஏறிக்கொண்டேன்.

நகர்ந்துகொண்டிருந்த ரயிலின் ஜன்னலில் ஒரு கை. அவ்வளவுதான் கிடைத்தது அவளுக்கு.

திரும்பி வந்து பார்த்தால், லண்டன்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாப் படுக்கையையும் தாங்களே விரித்துவிட்டுப் போயிருந்தார்கள், கோணலும் மாணலுமாக. தெல்மா ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரும்ப விரித்தாள். கடைசிப் படுக்கையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். பாவமாக இருந்தது.

"விடுடி, கை காட்டினான்ல?" என்றேன்.

"போன குளிர்காலத்துல என்னைக் கேட்டான், பெவ். 'நான் போகவா, இல்ல இங்கயே இருந்துடவாம்மா'ன்னு. இருடான்னு சொல்ல வாய் துடிச்சுது."

"நீ என்ன சொன்ன?"

"'உன் இஷ்டம் கண்ணு, எங்களைப் பத்திக் கவலைப்படாத'ன்னேன்." தலையணை உறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறமும் அவன் அங்கயே நின்னுக்கிட்டு இருந்தான். நான்தான் ஆட்டுக்குத் தீனி வைக்கணும்னு வெளிய போயிட்டேன்."