ஒரு கேலனுக்கு ஒரு டப்பா

சென்ற வாரம் ஒரு காலை. பண்ருட்டி ரோடு. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. நடுவில் என் ஸ்கூட்டர், அதன் மேல் நான், பின் சீட்டில் என் மனைவி சரோஜா. வண்டி அன்று ஓடிய ஓட்டம் இருக்கிறதே... சொல்லி மாளாது! புகை இல்லை. இருமல் இல்லை. வாங்கிய நாளிலிருந்து அப்படி ஓடியதே இல்லை.

அந்த வண்டிதான் ஆறாவது மைலில், ‘கிறீச்’சென்று பின்சக்கரம் இறுகி, எங்களைச் சாலையோர மணலில் கொண்டுபோய் நிறுத்தியது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் மணி பத்து. பதினொரு மணிக்குத் திருவதிகைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சரோஜாவுக்கு இன்டர்வியூ. கணக்கு டீச்சர் வேலை. அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆக, இதுதான் கடைசி வண்டி!

ஸ்கூட்டர் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த எஞ்சினுக்கு ஆயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்துவிட வேண்டும். எவ்வளவு? அங்கேதான் வினையே! நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில், எங்கள் பிளாக்கில் மட்டும் ஆறு ஸ்கூட்டர், எட்டுக் கலவை. மைன்ஸ்காரர் இருபதுக்கு ஒன்று என்பார். பவர் ஹவுஸ்காரர் இருபத்தைந்துக்கு ஒன்று என்பார். இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போகிற அவசரத்திலும் நின்று சண்டை போடுவார்கள்.

நான் அந்த வம்புக்கே போவதில்லை. வண்டியை எனக்கு விற்றவர் ஒரு தகர டப்பாவும் கொடுத்தார். ‘ஒரு கேலன் பெட்ரோலுக்கு ஒரு டப்பா ஆயில்’ என்றார். வேத வாக்கு. இரண்டு வருஷமாக அதையே பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அன்றைக்குக் கிளம்பிய அவசரத்தில் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். டாங்க்கில் பெட்ரோல் அடியோடு தீர்கிற நிலை. பங்கில் நிறுத்தி, “ஒரு கேலன்” என்றேன்.

“கேலனெல்லாம் போச்சுங்க சார். இப்ப லிட்டருதான். நாலரை போட்டா சரியா இருக்கும்” என்றார் பங்குக்காரர். கையில் பளபளவென்று புதுசாக ஒரு சின்ன ஆயில் குவளை. “இதுல எத்தினி ஊத்தட்டுங்க?”

“ஒண்ணு.”

“சார், இது லிட்டருக்கு...”

“ரெண்டு வருஷமா ஓட்டறேன்பா! எப்பவும் ஒண்ணுதான். ஊத்து!”

பின்னாலிருந்து சரோஜா மெதுவாகச் சொன்னாள். “ஏங்க, பெட்ரோல் அளவு மாறியிருக்கே. ஆயில் அளவு மட்டும் எப்படி மாறாம இருக்கும்?”

“எஞ்சினைப் பத்தி உனக்கென்ன தெரியும்? ஏறு, நேரமாகுது.”

ஏறினாள். அதற்கப்புறம் பேசவில்லை. இப்போதெல்லாம் அவள் எதையும் இரண்டாம் தடவை சொல்வதில்லை.

மணலில் நின்றபோதும் அவள் கத்தவில்லை. நான்தான் உதைத்தேன், உலுக்கினேன், ஸ்கூட்டர் செய்த கம்பெனியைத் திட்டினேன். அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேத்தியாத்தோப்பிலிருந்து வரும் பஸ் தலை தெரிந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள். படியில் கால் வைத்துக்கொண்டு, “நாலரை லிட்டருக்கு நாலரைக் குவளை ஊத்தணும். நீங்க ஊத்தினது ஒண்ணு” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

எனக்கு இருந்த வெட்கத்தில் அந்த மணலுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

நைட் ஷிப்டோடு ஓவர்டைமும் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த, எனக்குப் பழக்கமான பழனி என்னைப் பார்த்து இறங்கினார். மைன்ஸில் மண் அள்ளிப்போகும் பெல்ட்டின் உருளைகளுக்கு கிரீஸ் வைக்கிற வேலை அவருக்கு. எஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோனவர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“ஆயிலு பத்தலைங்க சார். காஞ்சிகினே ஓடியாந்திருக்குது.”

“ஆனா ரொம்ப நல்லா ஓடிச்சே, பழனி! புகையே இல்லியே!”

“ஆயிலு இருந்தாத்தானே சார் பொகையும்?” என்று சிரித்தார். “எங்க ரோலருங்களும் அப்படித்தான். கத்திகினு இருக்கிறதுக்கு ஓடிப்போயி கிரீஸ் வச்சிடுவோம். கத்தாததை எவன் திரும்பிப் பாக்கிறான்? அதுதான் ஒரு நாளு திடீர்னு புடிச்சிக்கும்.”

அவர் ஏதோ உருளையைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு வேறு எங்கேயோ சுருக்கென்றது.

நண்பர்களிடம் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஒன்று உண்டு — ‘எங்க குவார்ட்டர்ஸில் சத்தமே கேட்காது!’ கல்யாணமான புதிதில் கேட்டது. டீச்சர் டிரெயினிங் முடித்த சர்டிபிகேட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டவா படித்தேன் என்று சரோஜா சண்டை போடுவாள். மூன்று தடவை அப்ளிகேஷன் போட்டாள். மூன்று தடவையும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அப்புறம் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். சரி, பழகிவிட்டாள், குடும்பம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்தேன். இந்தத் தடவை இன்டர்வியூ கார்டு வந்த பிறகுதான் அவள் அப்ளிகேஷன் போட்டதே எனக்குத் தெரியும்.

நன்றாக ஓடுகிறதாம்! காய்ந்துகொண்டு ஓடியிருக்கிறது. ஆறு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை.

பழனியும் நானும் வண்டியை அவர் ஊர்வரை தள்ளிக்கொண்டுபோய் விட்டோம். லாரி பிடித்து வீடு வந்தேன். சாயங்காலம் சரோஜா வந்தாள். காபி போட்டு வைத்திருந்தேன். சர்க்கரை சற்றுத் தூக்கல்தான். அளவில் நான் எப்படி என்றுதான் உங்களுக்கே தெரியுமே. அவள் வாங்கிக் குடித்தாள்.

“நான் உன் பேச்சைக் கேட்டிருக்கணும்” என்றேன். “இன்னிக்கு மட்டும் இல்லே.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கிற்று. எனக்கும்தான்.

“போய்ச் சேர்றப்ப பதினொண்ணு அடிக்க அஞ்சு நிமிஷம்” என்றாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. “புது அளவைகளை வச்சு ஒரு கணக்குப் பாடம் நடத்திக் காட்டச் சொன்னாங்க.”

“என்ன கணக்கு நடத்தினே?”

“ஒருவர் நாலரை லிட்டர் பெட்ரோல் வாங்குகிறார். லிட்டருக்கு ஒரு குவளை ஆயில் கலக்க வேண்டும். அவரோ ஒரே ஒரு குவளைதான் ஊற்றினார். எனில், அவர் செய்த பிழை எவ்வளவு?”

கணக்குப் புத்தகத்தில் மாம்பழம் வாங்குவதும், தொட்டிக்குத் தண்ணீர் விடுவதுமாக ‘ஒருவர்’ என்று ஒரு ஆள் வருவாரே... அவர் யார் என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தது.

முந்தாநாள் அவளுக்கு வேலை ஆர்டர் வந்துவிட்டது. பிஸ்டன் மாற்றிய வண்டியும் வந்துவிட்டது. நேற்று இரண்டு பேருமாக அதே பங்குக்குப் போனோம். பங்குக்காரர் அதே குவளையைத் துடைத்து எடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

“எத்தினி ஊத்தட்டுங்கம்மா?”