மேற்குப் பக்கத்து வாயு

மர்சலினும் அவள் கணவன் ஃபிரெட்ரிக்கும் ஒரே கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர்கள். மந்தைவெளி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வருடக்கணக்காக ஒரு கேலக்ஸியை அலசிக்கொண்டிருந்தார்கள். நம் பால்வீதிக்குப் பக்கத்தில் வைத்தால் அது சுண்டைக்காய். ஆனால் விண்மீன்கள் அதில் அவசர அவசரமாகப் பிறந்துகொண்டிருந்தன. அதன் வாயு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று தெரிந்தால், அதைச் சிதறாமல் பிடித்துவைத்திருக்கும் எடை தெரியும். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அந்த எடைக்குப் போதவில்லை. மீதி கரும்பொருள். அது எவ்வளவு என்று ஃபிரெட்ரிக் கணக்கிட்டான். கருத்தரங்குகளில் சொல்லிக் கைதட்டலும் வாங்கினான். கட்டுரையாக எழுதி அனுப்புவதற்குள் மாரடைப்பில் போய்விட்டான்.

கேலக்ஸியின் கிழக்கு, மேற்கு இரண்டு பக்கத்து வாயு வேகத்தையும் சேர்த்துச் சராசரி எடுப்பது அவன் வழக்கம். கட்டுரையை முடிக்க உட்கார்ந்த மர்சலின் தனித்தனியாகப் பார்த்தாள். மேற்குப் பக்கத்து வேகத்தில் பெரும்பகுதி சுற்றுவதால் வந்ததே அல்ல. புது விண்மீன்கள் ஊதித் தள்ளியதில் வாயு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழித்தால் அவன் சொன்ன கரும்பொருளில் பாதிதான் மிஞ்சியது.

கல்லறைத் திருநாளன்று அவன் தங்கை ஈவ்லின் தேங்காய் நாரால் கல்லறையைத் தேய்த்துக் கழுவினாள். மர்சலின் சாமந்தியை உதிர்த்துப் பரப்பியபடி சொன்னாள்:

"கட்டுரைல அவர் பேரை எடுத்துடலாம்னு இருக்கேன் ஈவ்லின். அவர் கணக்கு தப்பு. நான் மட்டும் திருத்திப் போட்டா, தப்பும் அவர் பேரும் ஒண்ணா நிக்காது."

"தப்புன்னு யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தான்."

"போச்சு! இது போதுமே அவனுக்கு! இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பான் சொல்லு? ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பான். அப்புறம் காபி எடுத்துக்கினு வந்து, 'இதத்தானே நான் அப்பவே சொன்னேன்'ம்பான்."

மர்சலினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஈவ்லின் நாரைக் கீழே வைத்தாள். "பேரை எடுத்துட்டா, அவன் உன்கூட உக்காந்து வேலையே செய்யலன்னு ஆயிடும் அண்ணி. தப்போட சேர்ந்தே இருக்கட்டும்."

அன்று சாயங்காலமே மர்சலின் கட்டுரையை முடித்தாள். அவன் பெயரை முதலில் போட்டாள். பிறகு தன் பெயர். முன்பு சொன்ன கணக்கு பிழை என்று முதல் பக்கத்திலேயே எழுதினாள். அவனாக இருந்தால் அந்த வரியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளச் சொல்லிச் சண்டை பிடித்திருப்பான். அவள் விட்டுக்கொடுக்கவில்லை.