சந்தனமா, சாம்பலா

பள்ளி இறுதித் தேர்வில் நான் தேறியதும், திருப்பதியில் காலேஜில் சேர்ப்பதாக நைனா வாக்குக் கொடுத்தார். புத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் அதுவரை வேர்க்கடலை மூட்டைகள்தான் குடியிருந்தன. அவற்றை வெளியே தள்ளிவிட்டுச் சுவருக்கு நிறம் அடிக்கப்போவதாகச் சொன்னதும், படிக்க ஓர் அறை கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன்.

சுண்ணாம்பில் மஞ்சள் மண் கலந்தால் சந்தன நிறம், கரிப்பொடி கலந்தால் சாம்பல் நிறம். ஜன்னல் பக்கம் இரண்டையும் ஆளுயரத்துக்குப் பூசவைத்து, "எது புடிச்சிருக்கு?" என்று நைனா கேட்டார். என்னைப் போய்க் கேட்டார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈரத்தில் இரண்டுமே அழுக்காகத்தான் தெரிந்தன. காய்ந்ததும் சந்தனம் பகலில் அழகாக இருந்தது. லாந்தர் வெளிச்சத்தில் சோகை பிடித்தாற்போல் ஆகிவிட்டது. சாம்பல் எப்போதும் ஒரே மாதிரி. புத்தகத்திலிருந்து நிமிர்ந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். சாம்பல் என்றேன்.

"இரு, அவசரப்படாத," என்றாள் அம்மா. "இப்டி செவுத்தோரம் நில்லு. மூஞ்ச நிமித்து."

முதலில் சந்தனத்தின் முன் நின்றேன், பிறகு சாம்பலின் முன். நைனா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். படிக்கிற அறைக்கு என் முகம் எதற்கு என்று கேட்டுச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. சாம்பலே முடிவாயிற்று.

அறை முழுவதும் அடித்துக் காய்ந்த மறுநாள், பட்டுப்புடவை கட்டிக்கொள்ளச் சொன்னாள் அம்மா. திருத்தணியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். ஒத்தாசைக்கு வந்திருந்த அத்தையிடம் அவள் அடுக்களையில் சொன்னது என் காதில் விழுந்தது: "சந்தனத்துல இன்னும் கறுப்பாத் தெரிஞ்சா. அதான் சாம்பலு."

நைனாவிடம் ஓடினேன். "காலேஜு இன்னா ஆச்சு நைனா?"

"திருத்தணி மதராஸோட போயிடும்னு பேசிக்கினு இருக்காங்க. நம்ம ஊரு ஆந்திராவுலயே நின்னுடும். நீயாவது அந்தப் பக்கம் போய்ச் சேரு," என்றார், பெரிய உபகாரம் செய்பவரைப் போல. எல்லை எங்கே விழுந்தால் எனக்கென்ன? நான் போகக் கேட்டது திருப்பதிக்கு.

சாயங்காலம் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் சுவரைப் பார்த்து மெச்சினார். நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க பொண்ணே பாத்து எடுத்த கலருங்க. எதுவானாலும் அதக் கேட்டுத்தான் செய்வோம்," என்றார்.

அம்மா காட்டியிருந்த இடத்தில், அந்தச் சுவரை ஒட்டி நின்றேன். முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை.