பிரேக்குக்காரர் வீட்டு இரண்டு வேலைப் பெட்டி

பேருந்து ஓட்டிய காலம் முழுவதும் அவருக்குப் பெயர் பிரேக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. நாய்க்குப் பிரேக் போடுவார், பூனைக்குப் போடுவார், காற்றில் உருண்டு வரும் பிளாஸ்டிக் பைக்கும் போடுவார். "அது பையா பூனையான்னு கிட்ட வந்தாதானே தெரியும்?" என்பார். அவர் வண்டியில் நின்றுகொண்டு போனவர்கள் ஒருமுறையாவது முன்பின் தெரியாதவர் மடியில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்கார்ந்து கல்யாணத்தில் முடிந்த ஜோடி ஒன்று உண்டு என்று அவருடைய நடத்துனர் சொல்வார்.

நடத்துனருக்குப் பெயர் விசில். ஓய்வு பெற்ற அன்று டிக்கெட் பையை ஒப்படைத்தவர், விசிலை மட்டும் ஒப்படைக்கவில்லை. அது இன்றும் சட்டைப் பையில் இருக்கிறது.

பிரேக்கின் வாழ்க்கையில் பேசப்படும் சம்பவம் ஒன்றுதான். நாற்சந்தி விளக்கு ஒருநாள் பழுதாகிச் சிவப்பிலேயே நின்றுவிட்டது. மற்ற வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. பிரேக்கு நகரவில்லை. பயணி ஒருவர் இறங்கிப் போய், எதிர்க்கடையில் முகம் மழித்துக்கொண்டு, திரும்பி வந்து அதே இருக்கையில் உட்கார்ந்தார். மின்சார ஆள் ஏணியோடு வந்து பச்சையை எரியவிட்ட பிறகுதான் பேருந்து கிளம்பியது. மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார்.

"செவப்புன்னா நிக்கணும்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க? கெட்டுப்போன செவப்புன்னா போலாம்னு சொல்லலையே" என்றார் பிரேக்கு.

மேலதிகாரிக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத மேலதிகாரிகள் செய்வதைச் செய்தார்: ஒரு வாரம் பணிமனையில் உட்காரவைத்தார்.

இப்படிப்பட்ட மனுஷனோடு குடித்தனம் நடத்தியவள் சலவைக்கடையில் துணி வாங்கிப் போடும் வேலை பார்க்கிறாள். அதற்கு முன் முதியோர் விடுதியில் படுத்த படுக்கையானவர்களைக் கவனித்துக்கொண்டவள். முறையாகப் பயிற்சி பெற்றவள். அதனால் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் ஒருநாள் காலையில் வாய் கோணிச் சரிந்தபோது, அவள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கவில்லை. பல்பொடியை வழித்துப் போட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வண்டிக்குச் சொல்லிவிட்டு, பிறகுதான் செருப்பைத் தேடினாள்.

கால் ஊன்றுகோலோடு திரும்பி வந்தது. பேச்சும் திரும்பி வந்தது. முதலில் வந்தது குறை சொல்லும் பேச்சு. இடது கை மட்டும் வரவில்லை. விரல்கள் முஷ்டியாக மடங்கிக் கிடந்தன. தினமும் காலையில் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையைக் கழுவித் துடைத்து, நகம் வெட்டி, சுருட்டிய துணியை வைத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள்.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். வீட்டில் அவளுக்குக் கை டீச்சர் என்று பெயர்.

"ஐயா, இந்தப் பந்த அமுக்குங்க. இப்ப விடுங்க."

"பந்து புடிச்சு வெளையாட நான் என்ன கைக்கொழந்தையா?"

வலது கையால் பந்தை வாங்கி ஜன்னல் வழியே போட்டார். கீழ்வீட்டு நாய் அதைக் கவ்விக்கொண்டு போய்க் கடிப்பதும் விடுவதுமாக இருந்தது.

"அது ஒழுங்கா செய்யுது பாருங்க" என்றாள் கை டீச்சர்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, மூடறது தானா வந்துடும். தெறக்கறதுதான் வரணும். இப்படியே பிடிவாதம் புடிச்சா முஷ்டி இறுகிடும். அப்புறம் நீங்க பிரிச்சாலும் பிரியாது."

பிரியாத முஷ்டி என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடுதியில் பார்த்திருக்கிறாள். கழுவ முடியாத உள்ளங்கை, வியர்வை, நாற்றம், நகம் குத்திய புண். மனிதர் தன் கையாலேயே தன்னைக் குத்திக்கொண்டு கிடப்பார்.

அந்த வாரம்தான் மகளைக் கட்டிய மாப்பிள்ளை பெட்டியோடு வந்தார். மின்சாதனக் கடையில் விற்பனையாளர். இரண்டு வேலை செய்யும் சாமான் எது வந்தாலும் அவருக்குக் கண் கலங்கிவிடும்.

"அத்தை, இதுல வெளையாடவும் செய்யலாம், டிவியில வர்றத ரெக்கார்டும் பண்ணலாம். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"மாப்பிள்ளை, போன தடவ நீங்க குடுத்தது சோபாவா கட்டிலா?"

"ரெண்டும்தான் அத்தை."

"அதுல ஒக்காந்தா கட்டிலா விரியுது, படுத்தா சோபாவா மடங்குது. அதுக்கு முந்தி ஒரு டார்ச்சு குடுத்தீங்க, ரேடியோ வெச்சு. பாட்டுப் போட்டா வெளிச்சம் போயிடும், வெளிச்சம் போட்டா பாட்டு போயிடும். ரெண்டு வேலை செய்யற சாமான் ஒரு வேலையும் உருப்படியா செய்யாது."

"புடிக்கலைன்னா மாசக் கடைசியில நானே வந்து எடுத்துட்டுப் போயிடறேன் அத்தை. கடையில வாங்கிக்குவாங்க."

அவளுக்கு ரெக்கார்ட் செய்வதில் ஓர் ஆசை இருந்தது. மத்தியானம் தொடங்கிச் சாயங்காலம் வரை வரிசையாக ஓடும் தொடர்கள் எல்லாம் அவள் கடையில் நிற்கும் நேரத்தில்தான் ஓடுகின்றன. அதில் ஒன்றில் இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தி நினைவில்லாமல் வெகுகாலமாகப் படுத்திருந்தாள். கதை எப்படிப் போனால் என்ன, இத்தனை நாள் படுத்தவளை ஒருவரும் திருப்பிப் போடவில்லை. படுக்கைப் புண் வராமல் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை.

"சரி, வெச்சுட்டுப் போங்க. மாசக் கடைசி வரைக்கும்."

மாப்பிள்ளை பெட்டியை டிவிக்குக் கீழே வைத்தார். முகப்பில் ஒரு சிறு விளக்கு. சும்மா இருந்தால் பச்சை, ரெக்கார்ட் ஆகும்போது சிவப்பு. நேரம் குறித்துவிட்டால் தானே பதிந்துகொள்ளும். அப்போதே கார் பந்தயமும் விளையாடலாம். பிடித்து விளையாடும் கருவியை மாமனார் மடியில் வைத்தார்.

"மாமா, வலது பக்கம் இந்தப் பட்டன் ஆக்சிலேட்டர். இடது பக்கம் பிரேக்கு."

"இடதுலயா? பிரேக்க எவன் கையில வெச்சான், அதுவும் இடது கையில?"

"கஷ்டமா இருந்தா வலதுலயே ரெண்டையும் மாத்தி..."

அவள் மாப்பிள்ளையின் காலை மிதித்தாள். மாப்பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள் மிதித்தால்தான் புரியும். "மாத்த முடியாது மாமா. கம்பெனியிலயே அப்படித்தான்" என்றார் அவர்.

பிரேக்கு ஆக்சிலேட்டரை அழுத்தினார். கார் பாய்ந்தது. வாழ்நாளில் முதல்முறையாகப் பிரேக் இல்லாத வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. நெற்றி வியர்த்தது. வேலியில் மோதி நின்றபோது முகம் வெளுத்திருந்தது.

"இந்தா, இங்க வா! இந்தக் கைய எடுத்து பிரேக்கு மேல வை!"

நோய் வந்த நாளிலிருந்து அந்தக் கையைப் பற்றி அவராக வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. அவள் விரல்களைப் பிரித்து, ஆள்காட்டி விரலைப் பட்டன்மேல் வைத்தாள்.

மறுநாளிலிருந்து மத்தியானம் இரண்டாவது ஷிப்ட் ஆரம்பமானது. சாப்பிட்டு முடித்ததும் விசில் வந்துவிடுவார். நடத்துனர் இல்லாமல் வண்டி எடுக்கக் கூடாது. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊதுவார். மற்ற கார்கள் சீறிக்கொண்டு பறக்க, பிரேக்கு ஓரமாக, பேருந்து வேகத்தில் போவார்.

"எவனுக்கும் லைசென்ஸ் இருக்கற மாதிரி தெரியலையே" என்பார்.

ஒரு சுற்று முடியும் இடத்தில் பாதையின் குறுக்கே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கோடு இருந்தது. பந்தயக்காரர்களுக்கு அது வெற்றிக்கோடு. பிரேக்குக்கு அது ஜனங்கள் கடக்கும் கோடு. இரண்டு பக்கமும் மேடையில் ஆயிரம் பேர் எழுந்து நின்று கையாட்டினார்கள்.

"ஸ்டாப்புல எவ்வளவு கூட்டம் பாரு. எல்லாரும் கை காட்டறான்."

"எல்லாரையும் ஏத்த முடியாதுப்பா. கடைசி டிரிப்பு இல்ல இது" என்றார் விசில்.

கோட்டுக்கு முன்னால் இடது விரல் பட்டனை அழுத்தியது. கார் நின்றது. நின்றது நின்றதுதான். விசில் ஊதினார். "ரைட்! போலாம் ரைட்!" என்று நாற்காலியைத் தட்டினார். விரல் எழவில்லை.

சாயங்காலம் அவள் வேலை முடிந்து வரும்போதும் கார் கோட்டிலேயே நிற்கும். விசில் உதட்டைப் பிதுக்குவார்.

"இன்னிக்கும் விடல தங்கச்சி. கை புடிச்சுக்கிச்சு."

"அவருகிட்ட ஏதும் கேட்டீங்களா அண்ணே?"

"எப்படிக் கேக்கறது? பாவம், டிரைவரு மனசு நோகும்."

இருவருமாக விரல்களைப் பட்டனிலிருந்து பிரித்து, கை டீச்சர் காட்டிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாக நீவி நீட்டிவிடுவார்கள். பிரேக்கு பேசாமல் கையைக் கொடுத்துவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஷிப்ட் முடிந்த டிரைவர் எப்படி இருப்பாரோ அப்படி இருப்பார்.

மாதக் கடைசி வந்தது. அவள் கணக்கு எளிமையானது. பெட்டி வந்து கை மூடப் பழகியிருக்கிறது. மூடுவதற்குப் பெட்டி எதற்கு? திறக்காத வரை அது கெடுதல்தான். மாப்பிள்ளைக்குச் சொல்லியனுப்பினாள்: சாயங்காலம் வந்து எடுத்துப் போகவும். வார விடுமுறை நாளாகப் பார்த்து, அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்துவிட்டு, கடைசி டிரிப்பைப் பார்க்க உட்கார்ந்தாள்.

அன்று தொடரில் அந்தப் படுத்த சகோதரி கண் திறக்கப்போகிறாள் என்று சலவைக்கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். டிவியில் கார் ஓடிக்கொண்டிருந்தது. தொடர் உள்ளே பதிந்துகொண்டிருந்தது. பிரேக்கு சுற்றி வந்து கோட்டில் நிறுத்தினார். விசில் ஊதி ஊதி ஓய்ந்தார்.

"ஏங்க, விடுங்க" என்றாள்.

"எப்படி விடறது?"

அவள் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "முடியலைன்னா சொல்லுங்க. நான் எடுத்து விடறேன்."

"முடியலைன்னு எவன் சொன்னான்? செவப்பு எரியுது, கண்ணு தெரியலையா?"

அவள் டிவிக்குக் கீழே பார்த்தாள். விசிலும் பார்த்தார். பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு, யாருக்கும் வெட்கப்படாமல் எரிந்துகொண்டிருந்தது.

"அடப் பாவி மனுஷா!" விசில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "மாசம் பூரா நுரையீரல் கிழிய ஊதினேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"செவப்புல நிக்கறதையெல்லாமா சொல்லிக்கிட்டு இருப்பாங்க? நீ எத்தனை வருஷம் என் வண்டியில இருந்த? கண்டக்டர் விசில் வேற, சிக்னல் வேற."

"இதென்னங்க, ரெக்கார்டு ஆகற வெளக்கு" என்றாள் அவள்.

"நாலு ரோடு சேர்ற எடத்துல வெச்சிருந்த மாதிரிதான் இருக்கு. எரியறது செவப்பு. எதுக்கு எரியுதுன்னு டிரைவர் கேக்கக் கூடாது."

வாதாடிப் பயனில்லை, பதில் தெரியாமல் ஒரு மேலதிகாரியே தோற்ற இடம் அது. அவள் ரிமோட்டை எடுத்தாள். உள்ளே அந்தப் பெண்ணின் இமை இந்நேரம் துடித்துக்கொண்டிருக்கும். இத்தனை காலம் படுத்தவள் இன்னும் கொஞ்சம் படுக்கட்டும் என்று பதிவை நிறுத்தினாள்.

விளக்கு பச்சையானது.

மூவரும் விரலைப் பார்த்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புறங்கையில் ஒரு நரம்பு ஓடியது. ஆள்காட்டி விரல், துருப்பிடித்த கதவுக் கொக்கியைப் போல, பட்டனை விட்டுக் கொஞ்சம் எழுந்தது; மறுபடி விழுந்தது; மறுபடி எழுந்தது. நடுவிரலும் அதைப் பார்த்து நகர்ந்தது. கார் ஊர்ந்து கோட்டைத் தாண்டியது.

வாணவேடிக்கை வெடித்தது. கடைசி இடம் என்று எழுத்து வந்தது. மேடையில் இருந்த ஆயிரம் பேரும் குதித்தார்கள்.

"ஒருத்தனும் ஏறல பாரு" என்றார் பிரேக்கு. "இவ்வளவு நேரம் நின்னதுக்கு. வேற பஸ்ஸுக்கு நிக்கறானுங்க போல."

சாயங்காலம் மாப்பிள்ளை வந்து அட்டைப்பெட்டியைத் தூக்கினார். "எடுத்துட்டுப் போகவா அத்தை?"

"அத வைங்க. ஒக்காருங்க. அந்தச் சோபாவுல வேணாம்."

அதற்குப் பிறகு ரிமோட் விசில் வசம் போனது. விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்ன யோசனை, சிக்னலை மறைப்பது குற்றம் என்று தள்ளுபடியானது. விசில் கொஞ்ச நேரம் பதிவு போடுவார், சிவப்பு, பிரேக் விழும். நிறுத்துவார், பச்சை, விரல் எழும். கை டீச்சர் ஒருநாள் மத்தியானம் வந்து நின்று பார்த்துவிட்டு, தன் பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். "இதையே தொடருங்க. காரணம் மட்டும் என்கிட்ட கேக்காதீங்க" என்றாள்.

சங்கடம் ஒன்றுதான். தொடர்கள் சிவப்பு எரியும் நேரத்துக்கு மட்டும் பதிந்தன. ஒருத்தி கன்னத்தில் அறைய ஓங்கிய கை, அடுத்த காட்சியில் தாம்பூலத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தது. மாமியார் கோபமாக வாயைத் திறந்தால் மருமகன் சோப்பு விளம்பரத்தில் குளித்தான். விட்டுப்போனதை அவள் சலவைக்கடைக்கு வருபவர்களிடம் கேட்டுக் கோத்துக்கொண்டாள்.

அப்படிக் கேட்கப்போய்த்தான் ஒரு வாடிக்கையாளர் அம்மாள் திருப்பிக் கேட்டார்: "உங்க வீட்டுல அந்தப் பெட்டி இருக்காமே? என் பையன் வாங்கித் தரச் சொல்லி உசுர எடுக்கறான். வாங்கலாமா?"

அவள் மடித்த துணியின்மேல் சீட்டைக் குத்தினாள். "வெளையாடறதுக்குன்னா வாங்காதீங்க, வேற நல்ல பெட்டி இருக்கு. ரெக்கார்டு பண்றதுக்குன்னாலும் வாங்காதீங்க, அதுக்கும் வேற இருக்கு. வீட்டுல பழைய பஸ் டிரைவர் யாராச்சும் கை மடங்கி ஒக்காந்திருந்தா வாங்குங்க. ரெண்டும் ஒரே பெட்டியில இருந்தாதான் வேலை செய்யும்."

அம்மாள் துணிப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அது போகட்டும்" என்றாள் அவள். "அந்தப் படுத்த பொண்ணு கண்ணத் தெறந்தாளா?"

"தெறந்தா. ஆனா இன்னும் ஒரு கண்ணுதான்."

"பரவாயில்ல. எங்க வீட்டுல நாலு வெரல் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த துணியை எடுத்தாள். "கட்டவெரல்தான் இன்னும் செவப்புல நிக்குது."