துலுக்கானம் அண்ணாத்தே ஓட்டிய படகு

வேம்புலியம்மாளுக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியில் இருப்பாள், ஆனால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவள் கால் ஆடினால் பக்கத்து மேஜையில் கணக்கு எழுதும் என் பேனா ஆடும். "ஏய் வேம்பு, காலை நிறுத்துறியா, கட்டிப் போடவா?" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். கேட்டால்தானே! ஒரு நிமிஷம் நிற்கும், பிறகு மற்ற கால் ஆடும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் கம்பெனி எங்களுடையது. அவள் ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வானகரத்துப் பெண். முப்பத்தைந்தைத் தொட்டாயிற்று, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தாள். அவள் அப்பா துலுக்கானம் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கழனியில் உழைத்தவர். அந்தக் கழனிகள் மனைகளான பிறகு அதே இடத்துக்கே வாட்ச்மேனாக இருந்து செத்துப் போனார். அவர் பேரில் ஒரு சாண் இடம் கிடையாது. இதையும் அவள் உட்கார்ந்து சொன்னதில்லை, ஃபைல் எடுக்கப் போகிற போக்கில்தான் சொன்னாள்.

வீட்டில் அண்ணி சொன்னதற்குத் தலையாட்ட வேண்டும். ஆபீசில், "ஏம்மா, அந்த பில்லைத் தட்டிக் குடும்மா." வேம்பு ஏதாவது மறுத்துப் பேசினால் யாரும் பதிலுக்குச் சண்டை போட மாட்டார்கள். சிரிப்பார்கள். "சரிம்மா, சரிம்மா" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது அவளுக்கு அடியைவிட வலிக்கும்.

தொண்ணூற்றேழில் வெளிநாட்டு ஆர்டருக்காகக் கம்பெனிக்கு இன்டர்நெட் வந்தது. படமெல்லாம் கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். சாப்பாட்டு நேரத்தில் யாராவது அதன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இவளை உட்கார வைத்தார்கள். அங்கேதான் அந்த விளையாட்டைப் பிடித்தாள். ஆவடிப் பையன் ஒருவன், உத்தமன் என்று பேர், அமெரிக்காவில் படிக்கப் போன இடத்தில் அதைத் தொடங்கியிருந்தான். மேட்டுக்கேணி என்று ஓர் ஊர். ஊர் என்றால் வெறும் எழுத்துதான். 'நீ சந்தையில் நிற்கிறாய், எதிரே ஏரி' என்று திரையில் வரும். 'ஏரிக்குப் போ' என்று தட்டினால் போகலாம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் அங்கே இருந்தால் ஒருவரோடொருவர் பேசலாம், சண்டை போடலாம். தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவார்கள். நம் அம்பத்தூர், ஆவடிப் பிள்ளைகள் பாதி, அமெரிக்கா, சிங்கப்பூர் என்று போனவர்கள் பாதி. வருகிறவர்கள் ஆளுக்கொரு இடத்தை எழுதிச் சேர்த்தார்கள். ஒருவன் இட்லிக் கடை வைத்தான், ஒருவன் ஜெயில் கட்டினான்.

வேம்பு ஏரியை எழுதினாள். அதில் ஒரு படகு விட்டாள். சந்தையிலிருந்து கோட்டைக்குப் போக அந்தப் படகைத் தவிர வழியில்லை. படகுக்காரருக்குப் பேர் துலுக்கானம். அப்பா பேரையே வைத்துக்கொண்டாள். கூலி காசில்லை. 'இன்னைக்கு இன்னா துண்ணே? சொன்னா ஏறு, சொல்லாங்காட்டி நீந்திப் போ.' அதுதான் சட்டம்.

"பார்வதக்கா, இத்த பாருங்களேன், 'அண்ணாத்தே, கொஞ்சம் கரையோரம் நிறுத்து'ன்றான்! அண்ணாத்தேவாம்!" என்று வாயெல்லாம் பல்லாகக் காட்டுவாள். எனக்கு எரிச்சலாக வரும். சோற்றுக் கையோடு எழுந்து போய்ப் பார்த்தால் கறுப்புத் திரையில் நாலு வரி. இதற்கா இவ்வளவு ஆட்டம்?

ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த நேரத்தில் அவள் கால் ஆடாது.

மதுரைவீரன் என்று ஒருவன் அதில் வருவான். திருமழிசை எஸ்டேட்டில் ஏதோ யூனிட்டில் வேலை என்று அவனே சொல்லியிருக்கிறான். வாய் என்றால் அப்படி ஒரு வாய்! படகு ஏறும்போதெல்லாம் துலுக்கானத்தோடு வம்பு. "இன்னா அண்ணாத்தே, ஆமை இஸ்துகினு போவுதா படக?" என்பான். இவள் விடுவாளா? "குதிச்சி தள்ளிகினு வாடா, சோம்பேறி" என்பாள். சாப்பாட்டு நேரம் முடிந்து சிவந்த முகத்தோடு எழுந்து வருவாள். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பாள்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் உத்தமன் ஒரு யோசனை சொன்னான். ஊரில் ஆள் கூடிவிட்டது, படகுக்குக் கூட்டம் நிற்கிறது, அதனால் ஏரிக்குக் குறுக்கே பாலம், பாதி ஏரியைத் தூர்த்து பஸ் ஸ்டாண்டு. அவ்வளவுதான், மேட்டுக்கேணி இரண்டாகப் பிளந்தது. பாலத்துக்கு மதுரைவீரன் தலைவன். ஏரிக்குத் துலுக்கானம். 'நாலு பேரு எழுதின ஊர ஒருத்தன் எப்டி மாத்துவான்' என்று இவள் கேட்பாள். 'ஊர்னா மாறத்தான் செய்யும், உனுக்கோசரம் நாங்க கரையிலயே குந்திகினு இருக்கணுமா' என்று அவன் கேட்பான். சும்மா சொல்லக்கூடாது, அவன் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதைச் சொன்னதற்கு வேம்பு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் உத்தமன் பஞ்சாயத்து வைத்தான். நம் நேரத்துக்குப் புதன்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை எல்லாரும் ஏரிக்கரையில் கூட வேண்டும். யார் அப்போது அங்கே இருக்கிறார்களோ அவர்கள் கை தூக்கலாம். இவள்தான் ஆத்திரக்காரி ஆயிற்றே. "இன்னைக்கே வெச்சிக்கோ, நாளைக்கே வெச்சிக்கோ, புதன்கெழமயா? வெச்சிக்கோ!" என்று தட்டிவிட்டாள். ஏரிக் கட்சிக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும் சரி என்றார்கள். ஒருத்தர்கூட காலண்டரைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கம்பெனியில் பூஜை. லேத்து, டிரில்லிங் மிஷின், தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டருக்கு வேம்புதான் பொட்டு வைத்து, பூச்சரம் சுற்றி, மெயின் சுவிட்சை அணைத்துக் கும்பிட்டாள். பொரியை வாயில் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, நாளைக்கிப் புதன்!"

"செவ்வாய்க்கு அப்புறம் புதன்தான் வரும்," என்றேன் நான்.

"ஆயுத பூசைக்கா! எவன் மிஷின தொறப்பான்?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. புதன் லீவு என்பதால்தான் கம்பெனியில் ஒரு நாள் முன்னாலேயே பூஜை போட்டிருந்தார்கள். பூஜை போட்டு வைத்ததை விஜயதசமியன்று கும்பிட்டு எடுக்கும்வரை இந்தப் பக்கத்தில் யாரும் தொட மாட்டார்கள். ஏரிக் கட்சி மொத்தமும் அம்பத்தூர், ஆவடி. பாலக் கட்சியில் பாதி அமெரிக்கா. அங்கே ஏது ஆயுத பூஜை? நன்றாகத்தான் மாட்டிக்கொண்டாள்!

புதன்கிழமை மூன்று மணிக்கு முகப்பேரில் என் வீட்டுக் கதவை இடித்தாள். நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். "உங்க ஊட்டுக்குன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். கெளம்புங்க," என்றாள். "எங்கடி?" என்றேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் தவித்துக்கொண்டிருந்தாள். திட்டிக்கொண்டே அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

எங்கள் தெருமுனையில் பரந்தாமன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். வாசலில் வாழைக்கன்று. உள்ளே நாலு கம்ப்யூட்டரும் மாலையும் பொட்டுமாக வரிசையாய் இருந்தன.

"ஒரு மணி நேரம் மட்டும் தொறண்ணா," என்று கெஞ்சினாள்.

"இன்னாமா நீ, வெளையாடுறியா? இப்ப தொட்டா வருசம் பூரா ரிப்பேர்தான். கம்ப்யூட்டர் தொழில்ல கீற நீயே இத்த கேக்கலாமா?" என்று அவன் கோபித்துக்கொண்டான்.

வாசலை விட்டு இறங்கிவிட்டாள். நேற்று அவளே கும்பிட்டவள்தானே.

அம்பத்தூருக்கு ஓடினோம். அங்கே இரண்டு சென்டர், இரண்டிலும் ஷட்டர் மேலே சந்தனம். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். ஆட்டோவுக்கு மாலை, பஸ்ஸுக்கு மாலை, ஏன், இஸ்திரிப் பெட்டிக்குக்கூட மாலை. வேம்பு பஸ் ஸ்டாப்பில் மூன்றடி இந்தப் பக்கம், மூன்றடி அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் என் மூளையும் கொஞ்சம் வேலை செய்தது.

"ஏண்டி, பூந்தமல்லியில் ஒரு பாய் கடை இருக்கு என்று சொல்வாயே. பாய் கடையில் ஏது பூஜை?"

நடுரோட்டில் என்னைக் கட்டிக்கொண்டாள். மானமே போயிற்று.

பூந்தமல்லி பஸ் கிளம்புகிற நேரம் பார்த்து டிரைவர் இறங்கி டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கண்டக்டர் கற்பூரம் தேடினார். "ரைட்டு சொல்லுங்களேன், தாங்கல!" என்று வேம்பு கத்தினாள். வானகரத்தைத் தாண்டும்போது அண்ணன் கண்ணில் படாமல் இருக்கத் தலையை என் மடியில் புதைத்துக்கொண்டாள்.

பாய் கடை திறந்திருந்தது. நாலு கம்ப்யூட்டர். மூன்றின் முன்னால் பையன்கள், மூன்று திரையிலும் மேட்டுக்கேணி! மூடின கடைகளையெல்லாம் பார்த்துவிட்டு எங்களைப்போலவே இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். நாலாவது காலியாக இருந்தது. மணி ஐந்தே முக்கால்.

நடுவில் இருந்தவன் ஒல்லியாக, எண்ணெய்க் கறை படிந்த யூனிட் சட்டையோடு, தட்டியதைச் சத்தம் போட்டுப் படித்தான்: "தொலுக்காணம் அண்ணாத்தே எங்க? பயந்துகினு படகுக்கு அடியில பூந்துட்டாரா?" மற்ற இருவரும் சிரித்தார்கள். அவன்தான் மதுரைவீரன்.

இவ்வளவு தூரம் ஓடி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். எனக்குப் புரிந்தது. உட்கார்ந்து ஒரு வரி தட்டினால் போதும், துலுக்கானம் யார் என்று இந்த மூன்று பேருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அவளுக்கு அங்கேயும் "சரிம்மா, சரிம்மா"தான்.

"வேம்பு, பாயைத் தட்டச் சொல்லலாம். நீ காதில் சொல். அவர்தான் துலுக்கானம் என்று நினைத்துக்கொள்ளட்டும்," என்றேன் ரகசியமாக.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"படகு என்னுதுக்கா," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

'வந்துட்டேன்டா. யார்ரா பயந்தது?' என்று தட்டினாள். மூன்று திரையிலும் அது வந்தது. மூன்று தலையும் திரும்பின. தலையில் மல்லிகைப்பூவோடு ஒரு பெண்பிள்ளை, பக்கத்தில் கையில் பையோடு நான்.

"அக்கா... நீங்களா தொலுக்காணம்?" என்றான் ஓரத்துப் பையன். உடனே எழுந்து நின்றான். "சாரிக்கா. இன்னான்னாவோ பேசிட்டோம். மனசுல வெச்சிக்காதீங்க."

அதற்குள் அடுத்தவன் அந்தச் செய்தியை ஊருக்கே தட்டிவிட்டான். 'டேய், தொலுக்காணம் ஒரு அக்காடா. பாவம், பூச நாளுல அலஞ்சிகினு வந்துகீறாங்க.' திரையில் வரிசையாக வணக்கங்கள் வந்தன. ஓட்டுக்கு அழைத்தபோது பாலத்துக்குத் தூக்குவதாக இருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. 'அக்காவுக்காக உட்டுத்தரேன்.' 'அக்கா மனசு கஷ்டப்படக்கூடாது.' அமெரிக்காக்காரர்கள்கூட மாறி ஏரிக்குக் கை தூக்கிவிட்டார்கள். யூனிட் சட்டைக்காரன் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டினான்: 'அண்ணாத்தேவா இருந்தா இன்னா, அக்காவா இருந்தா இன்னா? எனுக்கு பாலம் வோணும்.'

திமிர் பிடித்தவன், ஒரு பெண்பிள்ளைக்கு இரக்கம் காட்டத் தெரியவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏரி தப்பித்துவிட்டது, அதுவரை சந்தோஷம் என்று வேம்புவைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"வாதாடி ஜெயிக்கலக்கா. பாவம் பாத்துக் குடுத்துட்டானுங்க," என்றாள் பஸ்ஸில்.

அதன் பிறகு படகில் சண்டையே இல்லை. 'வணக்கம்க்கா, அக்கரைக்குப் போலாமா? மெதுவா போங்க, அவசரமில்ல.' என்ன சாப்பிட்டாய் என்று அவள் கேட்பதற்கு முன்பே மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். யாரும் வாடா போடா பேசவில்லை. வேம்பு கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்திருப்பாள், மேஜைக்கடியில் கால் ஆடும். என் கணக்கெல்லாம் கோணல் மாணலாயிற்று. தீபாவளிக்கு முன்தினம், "உட்டுடலாம்னு கீறேன்கா, தாங்கல," என்றாள். எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் வரவில்லை.

கடைசியாக ஒரு தடவை என்று சொல்லி அன்று சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தாள். நானும் டிபன் பாக்ஸோடு பக்கத்தில் போய் நின்றேன். பஞ்சாயத்துக்குப் பிறகு காணாமல் போயிருந்த மதுரைவீரன் கரையில் நின்றான்.

'இன்னா அண்ணாத்தே, எம்மா நேரமா கூவிகினு கீறேன், காதுல பஞ்சு வெச்சினுகீறியா? ஏரி இன்னா ஒங்க நைனா ஊட்டு சொத்தா? பொங்கலுக்குள்ள பாலம் கட்டாம உடமாட்டேன், பாத்துக்கோ.'

வேம்பு திரையைப் பார்த்தாள். மேஜைக்கடியில் குனிந்து பார்த்தேன், கால் நின்றுவிட்டிருந்தது.

'ஆமாண்டா,' என்று தட்டினாள். 'எங்க நைனா ஊட்டு சொத்துதான். ஏறு. இன்னா துண்ணே, சொல்லு.'