அமலோற்பவம் டீச்சரின் வருகைப் பதிவேடு

அமலோற்பவம் டீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் தி.நகரில் ஓர் ஆய்வுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் பள்ளிகளின் பெயர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்திலிருந்த தலைமையாசிரியரிடம் செல்போனைக் காட்டினேன். "அடப்பாவமே" என்றவர், அடுத்த நொடியே தன் பள்ளி எந்த நிறம் என்று பார்க்கத் திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் கூட்டம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மயிலாப்பூரில் நான் தலைமையாசிரியராக இருக்கும் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்ற குடும்பத்தில் பிறந்தவர். கணக்கு தப்பாக இருந்தால் தப்பு என்று பெருக்கல் குறி போடமாட்டார். எந்த வரிவரை ஒழுங்காக வந்திருக்கிறதோ அதன் கீழே கோடு கிழித்து, "இதுவரை சரி" என்று எழுதுவார். முதல் வரியே தப்பாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன்.

"கேள்விய ஒழுங்கா காப்பி பண்ணிருக்கானே சார், அதுக்குக் கீழ கோடு போட்டுற வேண்டியதுதான்" என்றார்.

பிறகு அந்த உத்தரவு வந்தது. டெல்லியிலிருந்து வரும் பள்ளி நிதி, இனி அளவீட்டுத் தேர்வில் பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண்ணைப் பொறுத்தது என்றார்கள். நன்றாக வாங்கினால் பச்சை, மோசமென்றால் சிவப்பு; முதல் வருடம் நாங்கள் சிவப்பு. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு கேட்டு எழுதியிருந்தோம், அது நின்றுபோனது. கதவில்லாத கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, நன்றாகக் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் கதவு வருமாம். இளைத்துப்போனவனுக்குச் சாப்பாட்டை நிறுத்துகிற வைத்தியம் இது. இதை யோசித்த பெரிய மனிதர்கள் ஒருநாளாவது அப்படி அடக்கிக்கொண்டு பரீட்சை எழுதியிருப்பார்களா? நினைத்தாலே குமட்டுகிறது.

அதைவிட என்னை நினைத்தால் குமட்டுகிறது. அடுத்த வருடத் தேர்வுக்கு முன்னால், பல இடங்களில் சத்தமில்லாமல் நடப்பதை நானும் செய்தேன். படிப்பில் பின்தங்கிய பதினோரு பேரின் பெயர்களைக் குறித்து டீச்சரிடம் கொடுத்து, அன்று மட்டும் இவர்கள் வீட்டில் இருக்கட்டும், வயிற்றுவலி என்று லீவு லெட்டர் வாங்கிவிடுங்கள் என்றேன். அவர் வாங்கிக்கொண்டார். தேர்வு நாள் காலையில் வீடுவீடாகப் போய் அந்தப் பதினோரு பேரையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

நான் கேட்டைத் திறக்கவில்லை. இதெல்லாம் கழிப்பறைக் கதவுக்காகத்தானே டீச்சர் என்று கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்று வாதாடினேன்.

"இந்தப் புள்ளைங்களுக்குத்தானே சார் கதவு கேக்குறோம். இதுங்களையே வெளிய நிறுத்திட்டு யாருக்கு மாட்டப் போறோம்?"

அப்போதும் நான் திறக்கவில்லை. பிள்ளைகள் திரும்பிப் போனார்கள். அதன் பிறகுதான் டீச்சரை மட்டும் உள்ளே விட்டேன். அவர் வருகைப் பதிவேட்டில் அந்தப் பதினோரு பேருக்கும் வந்ததாகவே குறித்தார். விடைத்தாள்கள் குறைவதைக் கண்டு தேர்வு அதிகாரி கேட்டபோது, "வந்தாங்க சார். வந்ததத்தான் எழுதிருக்கேன்" என்றார். டீச்சர் கவனக்குறைவாகப் போட்டுவிட்டார் என்று நான் எழுதிக் கொடுத்தேன். பதினோரு கட்டங்களிலும் என் கையாலேயே ஆப்சென்ட் போட்டேன்.

அவருக்கு மெமோ வந்தது, பின்னாலேயே வேளச்சேரிப் பக்கம் மாற்றலும் வந்தது. எங்களுக்குப் பச்சை கிடைத்தது, கதவும் வந்தது. எனக்குக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். வெட்கமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

சில வருடங்கள் கழித்து, அடையாறில் மருத்துவமனையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மாத்திரை, சாப்பாடு என்று பேசிவிட்டு எழுந்தேன். அவர்தான் பழைய பேச்சை எடுத்தார். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"நல்லது சார்" என்றார்.

அடக்கத்துக்கு அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி வந்திருந்தாள். இப்போது துணிக்கடையில் வேலை பார்க்கிறாளாம். பெட்டியின் காலடியில் மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"நாங்க அன்னிக்கி வந்தோம் சார். யாருக்கும் வயித்துவலி இல்ல" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

நம் ஆசிரியர் சங்க இதழில் இதை என் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டு எழுதுகிறேன். அன்று பதினோரு பேரும் வந்திருந்தார்கள். டீச்சர் எழுதியது உண்மை. பொய்யாகத் திருத்தியது நான்.

போய்வாருங்கள், டீச்சர்.