தாய்மாமன் கழற்றிய வளையம்

ஏழு வயதில் என் மகளுக்கு முளைத்த கடைவாய்ப் பல், நேராக மேலே வராமல் முன்பக்கம் சாய்ந்து, பக்கத்துப் பால்பல்லின் அடியில் தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டது. காளவாசல் பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு அதில் மேகமூட்டம்தான் தெரிந்தது. ஆனாலும் தலையாட்டி வைத்தேன்.

"கீழ சிக்னல்ல ஷேர் ஆட்டோ ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல மூக்கை விட்டுட்டு நிக்குமில்ல சார், அதேதான். முன்னயும் போகாது, பின்னயும் வராது."

இப்படிப் பேசுகிறவர்களிடம் நான் கழுத்தையே கொடுப்பேன். மகளின் வாயைக் கொடுக்க என்ன தயக்கம்?

இரண்டு பல்லுக்கும் நடுவே மிளகளவில் ஒரு நீல ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டினார். அது மெல்ல விலக்கி இடம் உண்டாக்கினால் பெரிய பல் விடுபட்டு நிமிருமாம். இல்லையென்றால் பால்பல்லைப் பிடுங்கி, அந்த இடம் அடைபடாமல் இருக்கக் கம்பி போட வேண்டுமாம். 'பிடுங்கி' என்றதும் என் சட்டையைப் பிடித்த மகள், ஆனையூர் வீடு வரும்வரை விடவில்லை.

மூன்றாம் நாள் அலங்காநல்லூரிலிருந்து என் மனைவியின் தம்பி வந்தான். "மருமகளே, ஆ காட்டு" என்று அவன் கொஞ்சியது வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்தான். ஒரு கையில் ஊக்கு, மறு கையில் நீல வளையம்.

"என்ன மச்சான் பிள்ளைய வளக்குறீக? பலூன் துண்டு எம்புட்டு நாளா பல்லுல சிக்கிக் கெடக்கோ!"

"அடேய் மாப்ள, அது டாக்டர் மாட்டுனதுடா!"

அவன் முகம் செத்துப்போனது. ஆனாலும் பின்வாங்கவில்லை. "காது குத்த மட்டும் என் மடி வேணும். பல்லு வைத்தியத்துக்கு ஒரு போன் கூடக் கெடையாது. சொல்லியிருந்தா நான் ஏன் கை வைக்கப்போறேன்?"

அதில் நியாயம் இருந்து தொலைத்தது. அடுப்படியிலிருந்து வந்த அவன் அக்கா நியாயமெல்லாம் பார்க்கவில்லை.

"காது குத்துனது ஆசாரிடா. நீ மடியோட நின்ன, ஊக்கோட வரல!"

"அப்பா, இனிமே பிடுங்கிருவாங்களா?" என்று மகள் கேட்டாள். நான் பைக் சாவியை எடுத்தேன்.

மகளோடு மாப்ளையையும் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனேன். பல் கொஞ்சம் அசைந்திருக்கிறது, மறுபடி மாட்டிப் பார்க்கலாம் என்றார். "பிள்ள என் மடியில உக்காரட்டுங்களா?" என்றான் மாப்ள.

"தாராளமா. கையை மட்டும் கட்டிக்கங்க சார்."

அப்புறம் தினமும் விடிந்தும் விடியாமலும் போன் வந்தது. எங்கள் சுகம் கேட்க அல்ல. "வளையம் இருக்கா மச்சான்?"

அடுத்த முறையும் அதே நாற்காலி, அதே மடி. டாக்டரம்மா வளையத்தை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். "ஆட்டோ வெளிய வந்துருச்சு. பால்பல் அது பாட்டுக்கு இருக்கட்டும், அதுவா விழும்போது விழட்டும்."

மகள் மடியிலிருந்து குதித்தாள். மாப்ள அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, முடிஞ்சிருச்சு. கையைப் பிரிச்சுக்கங்க."